கலந்துபோன கோகோ மூட்டை

ஐப்பசி 10, செவ்வாய்.

எங்கள் பிஸ்கட் கம்பெனி கிடங்கில் இன்று செல்வி அக்கா, பழைய மூட்டையில் மிஞ்சிய கோகோத் தூளைப் புது மூட்டைக்குள் கொட்டிவிட்டார். வீட்டில் பழைய அரிசியைப் புது அரிசிமேல் கொட்டுவோமே, அதே பழக்கம்.

புதியது ஐரோப்பாவுக்குப் போகும் பிஸ்கட்டுக்கு. அங்குள்ள சட்டப்படி, அந்தக் கோகோ எந்தத் தோட்டத்தில் விளைந்தது, அதற்காகக் காட்டை அழிக்கவில்லை என்பதற்கெல்லாம் நாங்கள் ஆதாரம் காட்டியாக வேண்டும். பழையது உள்ளூர் விற்பனைக்கு வாங்கியது. அது எங்கே விளைந்ததோ, யாருக்கும் தெரியாது.

“ரெண்டும் கோகோதான, இன்னா ஆயிடும்?” என்றார் அக்கா. விஷயத்தைச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. “என்னை நிறுத்திடுவாங்களா?”

பேசாமல் இருந்திருக்கலாம். தூளைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

“ரெண்டையும் யாரு பக்கத்துல பக்கத்துல வெக்கச் சொன்னது?” என்று, கிடங்குக்குப் பொறுப்பான என்னைத்தான் திட்டினார். பிறகு அந்த மூட்டையை அவலூர்பேட்டைக் கடைகளுக்குப் போகும் சரக்கில் சேர்க்கச் சொன்னார். அக்கா பழைய மூட்டைகளையெல்லாம் தனி மூலைக்கு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து புது அரிசி மூட்டையைப் பிரித்தேன். பழையதைக் கொட்டப்போன கை சற்று நின்றது. பிறகு கொட்டினேன். இரண்டுமே தொண்டூரில் அண்ணன் நிலத்தில் விளைந்ததுதான்.