வாசித்துக் காட்டும் பொத்தான்

பிள்ளை,

இன்று காலை போன் தன்பாட்டில் எதையோ மாற்றிக்கொண்டது. நேற்றுவரை சாம்பல் நிறமாய் இருந்த கீபோர்ட் கறுத்துப்போய், முன்னையைவிட உயரமாக எழும்புகிறது. யாரைக் கேட்டு மாற்றினார்களோ தெரியாது. உடனே உன் பொத்தானைத் தேடினேன். காதுப் படம் போட்ட அந்தப் பச்சைப் பொத்தான் கீபோர்ட்டுக்கு மேலே ஏறி நின்றது. அப்போதும் மனம் ஆறவில்லை. மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்த பிறகுதான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

எனக்கு எழுத வாசிக்க வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். இதையும் போனுக்குச் சொல்லித்தான் எழுதுவிக்கிறேன்.

என் மனிசி கண்ணை மூடிய பிறகு, மகன் தலைநகர்ப் பக்கம் புரொண்பியில் இருந்து ஞாயிறுதோறும் ஒரே கதையைத்தான் கதைத்தான். பிராண்டே மாதிரிச் சின்னப் பட்டினத்தில் கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது, உங்களால் ஒரு காருக்கு ஆளைக் கூப்பிடக்கூட முடியாது, வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கே வாருங்கள் என்றான். நானே கூப்பிட்டுக் காட்டினால் விடுவாயா என்று கேட்டேன். பார்ப்போம் என்றான். அந்தப் ‘பார்ப்போம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் முறைபோட்டு வயதானவர்களை ஏற்றி இறக்குவதற்கு சங்கத்துப் பிள்ளை நீ ஒரு செயலி செய்துகொண்டிருந்தாய். கிழமை நாட்களில் ஹோர்சன்ஸில் ஒரு கந்தோரில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமைகளில் இது. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் தொழிற்சாலைகளில் நிற்பவர்கள். அந்த இரைச்சலில் போன் அடித்தாலும் கேட்காது, எழுத்தில் வந்தால்தான் பார்ப்பார்கள். அதனால் போனை என் குசினி மேசையில் வைத்து, கீபோர்ட்டில் இருக்கும் மைக்கை அமத்திக் கதைக்கச் சொன்னாய். கதைத்தேன். போன் கண்ணாடியில் எழுத்துகள் ஓடின.

“நான் சொன்னதைத்தான் எழுதினதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் வாசிச்சுப் பாத்தனான் அப்பு. சரியாத்தான் இருக்கு.”

“நீ இல்லாத நேரம்?”

என்னை நம்பமாட்டீர்களா என்று சிரித்தாய். உன்னை நம்புகிறேன், உந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவனைத்தான் எனக்குத் தெரியாது என்றேன். கீபோர்ட்டின் மேல் விளிம்பில் வேறு எழுத்துகள் மின்னின. அது என்ன என்று கேட்டதற்கு, அடுத்து நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று ஊகிக்கிறது என்றாய். நான் வாய் திறக்க முதலே என் கதையை அறிகிற ஒன்றை வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறாயே என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பச்சைப் பொத்தானோடு வந்தாய். அமத்தினால் ஒரு பெண்குரல் எழுத்தை வாசித்துக் காட்டும், கேட்டுவிட்டு அனுப்பலாம். உன் முகத்தில் பெரிய சந்தோசம். எழுத்து விழுகிற பெட்டியை நான் தொட்டேன். கீபோர்ட் எழும்பியது. பொத்தானைக் காணவில்லை.

“காட்டிப்போட்டு ஏன் ஒளிச்சனீ?”

“நான் ஒளிக்கேல்லை அப்பு. வீட்டிலை பாக்கேக்கை வடிவா இருந்ததே.”

போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு உன் நெற்றியில் நீயே ஒரு தட்டுத் தட்டினாய். உன் வீட்டில் நீ பார்த்தது கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒரு பொய்ப் போன். மேசையில் உண்மையான கீபோர்ட் இருக்கிறபடியால் கண்ணாடிக் கீபோர்ட் அங்கே எழும்புவதேயில்லை. எழும்பாத ஒன்று பொத்தானை மூடும் என்று உனக்குத் தெரியவரவில்லை. இப்படித்தான் நீ விளங்கப்படுத்தினாய். செய்தவள் பார்க்கும்போது பதுங்கிக் கிடந்து, நான் தொட்டவுடன் எழும்புகிறதென்றால் அது நல்லதுக்கில்லை என்றேன். முதலாளி சுற்றிப் பார்க்க வருகிற நாளில் மட்டும் ஒழுங்காய் ஓடுகிற மெஷின்களோடு நான் மாரடித்தவன்.

நீ கோபிக்கவில்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாய். கீபோர்ட் எழும்பும் அளவுக்குச் செயலிப் பக்கத்தையும் மேலே தள்ளினாய். என் போனில் சரியாக வந்தது. உன் போனில் பொத்தான் பாதி அமிழ்ந்தது.

“ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு உயரம் அப்பு. நாங்களா ஒரு அளவு வைக்கக்கூடாது, கீபோர்ட்டையே கேக்கவேணும்.”

“அது உண்மை சொல்லுமோ?”

“உங்களை மாதிரி ஒராள் எங்கடை கந்தோரிலை இருந்தால் எனக்கு வேலை மிச்சம்” என்றாய். அது புகழ்ச்சியா நக்கலா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மகன் வந்த அன்று நீயும் பக்கத்தில் இருந்தாய். அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். செவ்வாய்க்கிழமை பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொன்னேன். கீபோர்ட்டோடு பக்கமும் எழும்பியது. பொத்தானை அமத்தினேன், பெண்குரல் வாசித்தது, அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. வாறன் ஐயா என்று ஓட்டுகிறவர் எழுதியிருந்ததையும் அதே குரல் வாசித்தது. மகன் கையை அவிழ்த்து, “சரி, இருங்கோ அப்பா” என்றான். அவனுக்குத் தெரியாமல் நீ எனக்குக் கண்ணைக் காட்டினாய்.

பிறகு சில சனிக்கிழமைகள் நீ வரவில்லை. கேட்டபோது, கந்தோரில் வேலை கூட என்றாய். குரல் இளைத்திருந்தது. நான் நம்பினேன். நீ சொன்னவற்றில் கேள்வி கேட்காமல் நான் நம்பியது அது ஒன்றைத்தான். அது வேலையில்லை, நோய் என்று பிந்தித்தான் அறிந்தேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று சங்கமே கூடி என்னைச் சேமக்காலைக்கு ஏற்றிப்போனது. நானாகக் கூப்பிட்டுப் போனது அதற்கு அடுத்த கிழமை. எங்கே போக வேண்டும் என்று மைக்குக்குச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் பொத்தானை அமத்தினேன். பிள்ளையைத் தாட்ட சேமக்காலைக்கு என்று அந்தப் பெண்குரல் நிதானமாக வாசித்தது. நான் சொன்னது வேறு, அது எழுதியது வேறு என்று இருக்கக்கூடாதா என்று அன்றைக்குத்தான் ஆசைப்பட்டேன். திரும்பவும் அமத்தினேன். ஒரு சொல்லும் மாறவில்லை.

அனுப்பினேன். கார் வந்தது.