எதிர்க்கரை இல்லாத ஆறு

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. மழை இப்போதுதான் விட்டது.

மல்லிகா அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி ஊர்க்காரி. என் படங்களுக்கெல்லாம் சட்டம் போடுகிறவள். ஸ்ரீரங்கப்பட்டணத்து ஹோட்டல் ஒன்றுக்காக நான் வரைந்த காவிரிக்குக் கண்ணாடி வைக்கப்போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க சார், இத்தன வருசமா உங்க ஆத்துப் படத்துக்குச் சட்டம் போடறேன். ஒண்ணுலயும் எதிர்க்கரையக் காணமுங்களே?"

"அது பனிமூட்டம், பிள்ளை."

"எல்லா நாளுமுங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் பழைய படங்களைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தால், அவள் சொன்னது சரி. தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, கடைசியில் வானத்தில் கலந்துவிடுகிறது. பத்தொன்பது வயதில் மன்னாரில் படகேறி, திரும்பிப் பார்த்தபோது கரை மறைந்துபோயிருந்ததே, அந்தத் தண்ணீர். முப்பது வருடமாக அதைக் காவிரி என்று விற்றிருக்கிறேன்.

ஹோட்டல்காரர் காசு கொடுப்பது காவிரிக்கு. சாயங்காலம் மெல்லிய பச்சையில் எதிர்க்கரையை இழுத்தேன். மைசூரில் தினமும் பார்க்கிற தென்னைகளை, யோசிக்காமல், வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். கை நின்றபிறகு தள்ளி நின்று பார்த்தேன்.

ஒன்றுகூடத் தென்னை இல்லை. அத்தனையும் பனை. நடுவில், ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் அந்த ஒற்றைப் பனையும்.

ஹோட்டலுக்கு வேறு படம் வரைய வேண்டும். இது காயட்டும்.