றோட்டை விட்டு இறங்காத குதிரை

கொடிகாமம்
சனிக்கிழமை காலை

அன்பு மகள் நிரோஜாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் இன்னும் தான் நினைத்த நேரத்துக்குத்தான் மடங்குகிறது. நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் என் குரல் மாறினால் நீ உடனே கண்டுபிடித்துவிடுவாய், பக்கத்தில் அம்மாவும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பா. சுதாகரன் லீவு முடிந்து ஒஸ்லோவுக்குத் திரும்புகிறான், மிளகாய்த்தூளோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பா வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார் என்று நீ ரிவியில் பூட்டித் தந்துவிட்டுப் போன குதிரைக்கார வீடியோ விளையாட்டு என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. ராசா ஏதோ வாளைத் தேடி எடுத்துவரச் சொன்னாரே, அந்த வேலையை நான் இன்னும் தொடங்கவில்லை, அவர் பாட்டுக்கு இருக்கட்டும். குதிரையை ஓடவிடுவதும் இல்லை, நடத்தித்தான் கூட்டிப்போகிறேன். ஆற்றங்கரையில் ஒருத்தி உடுப்புத் தோய்க்கிறாள், அவள் தோய்த்து முடியுமட்டும் நின்று பார்ப்பேன். ஒரு தோட்டத்தில் முட்டைக்கோவா நட்டிருக்கிறார்கள், வரிசை நல்ல நேர், ஆனால் தண்ணீர் பாய வாய்க்கால் வெட்டவில்லை, அது எனக்குப் பெரிய மனக்குறை. மழை வந்தால் பாலத்துக்குக் கீழால் போகிற றோட்டில் குதிரையோடு ஒதுங்கி நிற்பேன். இந்த மனுசன் ரிவிக்குள்ளும் ஒரு வேலை செய்யாமல் திரியுது என்று அம்மா குசினிக்குள் இருந்து சொல்லிச் சிரிப்பா. உண்மையில் சந்தோசமாக இருந்தது பிள்ளை.

அப்படித் திரிந்தபோதுதான் மேற்குப் பக்கம் ஒரு புல்வெளி வந்தது, ஓரத்தில் வரிசையாகத் தடிகள், தலையில் சிவப்புப் பெயின்ற். கண்டதும் குதிரையைத் திருப்பிவிட்டேன், யோசித்துத் திருப்பவில்லை, கை தானாகத் திருப்பியது. அந்தப் பக்கம் இன்னும் துப்பரவாக்கவில்லை என்று உனக்குப் போனில் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அது குதிரைப் பந்தயத்துக்கு நட்ட தடி அப்பா, புல்லுக்குள்ளை இறங்கிப் பாருங்கோ, நீங்கள் சொல்லுறதைப் பார்த்தால் ஒரு நாளும் றோட்டை விட்டு இறங்கினதே இல்லையே என்றாய். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாதக்கணக்காக அந்த நாட்டில் திரிந்தும் நான் ஒரு புல்லை மிதிக்கவில்லை. இங்கே கண்ணிவெடி எடுக்கிறவர்கள் சிவப்புத் தலைத் தடி நட்டால் அதற்கு அங்காலே போகக்கூடாது, எல்லோரும் நடந்து தேய்ந்த பாதையால்தான் போகவேண்டும், இத்தனை வருசமாக அப்படியே நடந்து பழகிவிட்டோம். விளையாட்டில் செத்தாலும் திரும்ப எழும்பலாம் என்று நீ சொன்னது எனக்கு விளங்குகிறது, என் கைக்கு விளங்கவில்லை. அதே கதையோடுதான், எங்கள் முகமாலைக் காணியை வெடி எடுத்துத் திருப்பித் தந்துவிட்டார்களாமே, ஆடியில் வருகிறோம், சின்னவள் அங்கே ஆசை தீர ஓடட்டும் என்றாய். வெடியெல்லாம் எடுத்து முடிந்தது என்று கிராமத்து விதானையார் சொல்லிவிட்டார், பக்கத்துக் காணிக்கார நமசிவாயம் உழுது கச்சான் கடலையும் போட்டுவிட்டார், எல்லாம் சரிதான். நான் மட்டும் பஸ்ஸில் போய் றோட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். காணி நன்றாக இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் துணிந்து குதிரையைக் கொண்டுபோய் அந்தச் சிவப்புத் தடிகளுக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி நடந்தே உள்ளே போனேன். அம்மா பகிடி பண்ணுவா என்று பார்த்தால், அகப்பையும் கையுமாக வந்து எனக்குப் பின்னால் நின்று, "இஞ்சாருங்கோ, காலைப் பாத்து வையுங்கோ" என்றா. அவவும் என்னைப் போலத்தான் பயந்துகொண்டிருக்கிறா. புல்லுக்குள் இருந்து ஒரு முயல் பாய்ந்தது, நான் கையில் இருந்த விளையாட்டு ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டேன். இருவருமே சிரிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை வாசித்துவிட்டு உடனே போன் எடுத்து ஏசாதே. நீங்கள் வருவதற்கு முன்னம் காணி முழுவதையும் நானே நடந்து முடிக்கப்போகிறேன். பயம்தான், ஆனால் அவசரப்பட மாட்டேன், குதிரையை நடத்தின மாதிரி ஒரு நாளைக்குக் கொஞ்சம், வேலி ஓரம், கிணற்றடி, பனையடி என்று கால் படாத இடம் இல்லாமல். எனக்கு வயது போய்விட்டது, ஏதாவது மிச்சம் கிடந்தால் அது என் காலில் படட்டும். அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை, சொன்னால் தானும் வருவேன் என்று நிற்பா, நீயும் சொல்லிவிடாதே.

மிளகாய்த்தூள் கிடைத்ததும் போத்தலில் போட்டு இறுக்கி மூடு, போனமுறை பூஞ்சணம் பிடித்தது என்றாய். சின்னவளுக்குக் காது மூடத் தொப்பி போட்டு வெளியே விடு. மருமகனைச் சுகம் கேட்டதாகச் சொல்லு. விளையாட்டில் அந்த மேற்குப் பக்கத்தின் மிச்சம் முழுவதையும் நான் பார்க்காமல் அவளுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன், வந்து குதிரையை விரும்பினபடி ஓடவிடலாம் என்று சொல்லு. காணியில் மட்டும், நடந்து முடித்துவிட்டேன் என்று நான் என் வாயால் சொல்லுமட்டும் அவளை உன் இடுப்பை விட்டு இறக்காதே.

உங்கள் மூவருக்கும் பிள்ளையார் காவல்.

அன்புள்ள அப்பா
இ. தில்லைநாதன்