கோலத்தில் எறும்புகள்

ஐப்பசி, செவ்வாய். கச்சிராயபாளையம்.

ஆய்வகத்து அடுப்பு பழுதானதால், பூச்சிமருந்து ஊற்றிச் சோதித்த மக்னீசியம் ஆக்சைடு பொடியை வீட்டு மாடியில் காயவைத்திருந்தேன். அந்தப் பொடியின் மேல் பட்ட விஷம் சிதைந்துவிடும். மேற்பரப்பு நிரம்பிவிட்டால் மிச்ச விஷம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாலை கல்லூரியிலிருந்து திரும்பினேன். வீட்டுக்கார அஞ்சலையக்கா வாசலில் நின்றிருந்தார்.

"மாடில இருந்த உங்க கோலமாவ குழம்புக் கிண்ணத்துல எடுத்துக்கினேன் சார். நல்லா நைசா இருக்குது. எறும்புகூட மேலயே கருப்பா கோலம் போட்டுக்கினு இருக்குது பாருங்க."

குனிந்து பார்த்தேன். கோலத்தின் மேல் எறும்புகள் கோடு பிசகாமல் வரிசையாகக் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

வாசலை நானே கழுவிவிட்டேன். அக்காவைச் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்தேன். விஷம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இரவு மாடியில் இதை எழுதும்போது, கீழே அக்கா வீட்டுக் குழாய் ஓடுகிறது. கையை அப்போதே கழுவிவிட்டாரே. இப்போது எதைக் கழுவுகிறார்?