இனியாவின் படத்தைக் கழற்றி வையுங்கள்

ஓவியா அப்பாவுக்கு,

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வரும், அடி அண்ணாமலையில் நம் கடைக்குப் போகிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. மத்தியானம் கோச் மேடம் இந்தியக் கால்பந்து அணி முகாமிலிருந்து நம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அதற்குள் மாலை போட்ட இனியா படத்தைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

பதினேழு வயதுக்குள் என்று காட்ட, செத்துப்போன தங்கச்சி இனியாவின் பேரிலும் வயதிலும் ஓவியாவை அணியில் சேர்த்தது நீங்கள்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

வயதைக் கண்டுபிடிக்க மணிக்கட்டை ஸ்கேன் எடுத்தால் மாட்டிக்கொள்வாள் என்று பயந்திருந்தேன். மேடம் போனில், "வயசு கரெக்டா இருக்குதுங்க. இடது கால்ல அடிச்சா யாராலயும் புடிக்க முடியல" என்று சொன்னார். ஓவியாவுக்கு வலது கால்தானே? இடது கால் பழக்கம் சின்னவளுக்குத்தான்.

நேற்று அவளே போனில், "கத்திரிக்கா கொழம்பு வச்சிரும்மா" என்றாள். ஓவியா அதைத் தொடவே மாட்டாள். வைத்து மூடியிருக்கிறேன்.

இன்னொன்று: படத்தை நானே கழற்றப் போனேன். மாலைக்குள் ஓவியா முகம் தெரிகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். அதுவரை வருகிறவளுக்குக் கதவைத் திறக்க வேண்டாம்.