ட்ரம்ஸ்: ஒரிஹாரா (ஓய்வில்)

ஒசாகா
4 பிப்ரவரி 2018

அன்புள்ள நொபோரு,

நலம்தானே? வீட்டில் சாதோயேவுக்கும் என் அன்பைச் சொல். இந்தச் சுற்றுப்பயணத்தின் டி-ஷர்ட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல முதுகில் ஊர்ப் பெயர்கள். வருடத்துக்கு வருடம் ஊர்கள் குறைந்துகொண்டே போகின்றன, பார்த்துச் சிரிக்காதே.

நகோயா கச்சேரியோடு சுற்றுப்பயணம் முடிந்தது. இத்தனை காலம் தலையை ஆட்டி ஆட்டிப் பாடியதில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். "இனிமே பாடுங்க, வேணாங்கல. தலையை மட்டும் ஆட்டாதீங்க" என்றார். தலையை ஆட்டாமல் த்ராஷ் மெட்டல் பாட்டு ஏது என்று அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு கூரியர் வண்டி ஓட்டுகிறேன். பார்சல் வாங்குகிறவர்கள் "ஆக்ஸிடென்ட்டா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

நகோயாவில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் அறிமுகப்படுத்தினேன். "ட்ரம்ஸ், ஒரிஹாரா நொபோரு. இப்ப ஓய்வுல இருக்கான், வந்துருவான்." உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள் பார், கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. நீ மேடையை விட்டு ஒன்பது வருடமாகியும் உன்னை மறக்கவில்லை. பிறகு உன் இடத்தில் அடிக்கும் மினேகிஷியை, உதவிக்கு வாசிக்கிறவர் என்று சொன்னேன். அவனுக்கும் கைதட்டினார்கள்.

களைப்பாக இருக்கிறது நொபோரு. மேடையை விட்டு இறங்கினால் பேசக்கூடத் தோன்றுவதில்லை. நீ பின்னால் உட்கார்ந்திருந்தபோது இப்படி இல்லை.

கால் எப்படி இருக்கிறது?

உன்
யாசுஹிரோ


நகானோ
11 மார்ச் 2018

அன்புள்ள யாசு,

கடிதமும் டி-ஷர்ட்டும் கிடைத்தன. நீ இன்னும் என்னைப் பழைய தடியனாகவே நினைத்து அளவு எடுக்கிறாய், தொளதொளவென்று இருக்கிறது. இங்கே பனி இன்னும் கரையவில்லை. ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்துகொண்டிருக்கிறோம். கிடங்கில் வைத்திருந்த ஒரு பெட்டி ஆப்பிளை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள் சாதோயே.

காலைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். ஒவ்வொரு முறையும் "பரவாயில்லை" என்று எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. நடக்கும், ஏணி ஏறும். ட்ரம்ஸ் பெடலில் வைத்து வேகம் பிடித்தால் மட்டும் அது வேறு யாருடைய காலோ போலாகிவிடும். இனித் திரும்பாது என்று டாக்டர் முதல் வருடமே சொன்னார். அது உனக்கும் தெரியும்.

போன வாரம் மினேகிஷி வந்திருந்தான். முதலில் மரத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினான். பிறகுதான் சொன்னான். நகோயாவுக்கு முதல்முறையாக மகளைக் கூட்டிப் போனானாம். முடிந்ததும் அந்தப் பிள்ளை, "அப்பா, நீங்கதானே அடிச்சீங்க? எதுக்கு எல்லாரும் வேற பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க?" என்று கேட்டதாம். "எனக்குப் பதில் சொல்லத் தெரியலண்ணே. இலையுதிர் காலத்தோட நின்னுக்கறேன். யாசு அண்ணன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல" என்றான்.

அவன் போனால் உனக்கு இன்னொருவன் கிடைக்க மாட்டான். நம் குழு, டெட்சுகுஸு, அதோடு முடிந்தது. என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போடு.

நொபோரு


ஒசாகா
2 ஏப்ரல் 2018

நொபோரு,

என்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, உன்னிடம் வந்து கண்ணைக் கசக்க மட்டும் ரயில் ஏறத் தெரிகிறதா? நீயும் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாய். நன்றாயிருக்கிறது.

டெட்சுகுஸு என்று நாம் பெயர் வைத்த அன்று உன் அப்பா, "இரும்புக் குப்பையா? எவன்டா காசு குடுத்துக் கேப்பான்?" என்று சிரித்தாரே, ஞாபகமிருக்கிறதா? அன்றைக்கு இருந்தவர்களில் நீயும் நானும்தான் மிச்சம். பேஸ் வாசித்தவர்கள் போனார்கள், கிதார் வாசித்தவர்கள் போனார்கள். ஒவ்வொரு பெயரையும் அழித்தேன், அதற்காக ஒருநாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை. உன் பெயரை அழித்தால் நான் ஒருத்தன்தான். எனக்குப் பயமாக இருக்கிறதடா, வேறென்ன சொல்ல?

எடுக்க மாட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

ஆப்பிள் வந்தது. இனிப்பாக இருந்தது.

கால் எப்படி இருக்கிறது?

யாசுஹிரோ


நகானோ
19 ஆகஸ்ட் 2018

அன்புள்ள யாசு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதி எழுதிக் கிழித்தேன்.

என் ட்ரம்ஸை இங்குள்ள பள்ளி வாத்தியக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அறையில் இப்போது காலிப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம்.

நீ எனக்கு நல்லது செய்வதாக நினைக்கிறாய். எனக்கு நடந்தது வேறு. ஓய்வில் இருப்பவனால் வேறொன்றாகவும் ஆக முடிவதில்லை. விவசாயிகள் சங்கத்தில் பொறுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு முறை வந்தார்கள். "நான் ஒசாகாவுக்குத் திரும்பிப் போக வேண்டியவன்" என்று சொல்லி அனுப்பினேன். முதல் முறை சாதோயே எழுந்து உள்ளே போனாள். இரண்டாவது முறை, "எப்பப் போறீங்க?" என்று கேட்டாள்.

கச்சேரியில் என் பெயரைக் கத்துகிறார்களே, அது இவ்வளவு தூரம் எனக்கு வந்து சேர்வதில்லை. உனக்குப் பின்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறானே, அவன் தலையில்தான் விழுகிறது. அவனையும் விடு, என்னையும் விடு. எனக்கு அலுத்துவிட்டது யாசு.

கால் அப்படியேதான் இருக்கிறது.

நொபோரு


ஒசாகா
26 நவம்பர் 2018

அன்புள்ள நொபோரு,

நேற்று இங்கே ஒசாகாவில் வாசித்தோம். நாம் முதலில் வாசித்த அதே நிலவறை அரங்கு. கழிப்பறைக் கதவு இன்னும் சரியாகச் சாத்துவதில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தேன். வாயைத் திறந்தால் உன் பெயர்தான் வருகிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். "ட்ரம்ஸ், மினேகிஷி கோஹெய்" என்றேன். ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் ஒருவன், நம் பழைய ஆள், "ஒரிஹாரா எங்கே?" என்று கேட்டான். "அவன் வர மாட்டான்" என்றேன். மைக்கில் சொன்னதால் எனக்கே பெரிதாகக் கேட்டது. மினேகிஷி குச்சியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்புறம் அந்தப் பழைய ஆளேதான் முதலில் "மினேகிஷி" என்று கத்தினான், பிறகு எல்லோரும் கத்தினார்கள். பக்கவாட்டில் நின்றிருந்த அவன் மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசிப் பாட்டில் டாக்டர் சொன்னதை மறந்து தலையை ஆட்டிவிட்டேன். இன்று வண்டி ஓட்டப் போகவில்லை.

புது டி-ஷர்ட் வைத்திருக்கிறேன், இந்த முறை சின்ன அளவு. அறுவடை முடிந்திருக்கும். கொஞ்சம் ஓய்வெடு. சாதோயேவுக்கு என் அன்பு.

உன்
யாசுஹிரோ


நகானோ
3 டிசம்பர் 2018

அன்புள்ள யாசு,

டி-ஷர்ட் சரியாக இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். கால் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. என்னை விடு என்று நான் கெஞ்சிக் கேட்டதுதான், நீ செய்தாய். ஆனாலும் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சாதோயே பயந்துபோய், "யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். இல்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

சங்கத்துக்காரர்களிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இந்த வருட ஆப்பிளில் இரண்டு பெட்டி அனுப்புகிறேன். ஒன்று மினேகிஷியின் பிள்ளைக்கு.

ஒன்று தோன்றியது. இத்தனை கடிதத்திலும் நான் உன்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கழுத்து எப்படி இருக்கிறது?

உன்
நொபோரு