ஆறாவது போஞ்சிப் போத்தல்

நவம்பர் 12, செவ்வாய்

போஞ்சிக்காயை நறுக்கிப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று, ஒரு வீடியோவை நம்பிப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். விபத்துச் செய்தியென்றால் இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதமாட்டேன். இதற்கு ஒருவரிடமும் கேட்கவில்லை. இன்று சுகாதாரப் பரிசோதகர் சொன்னார்: "போஞ்சிக்கு அந்தச் சூடு எங்கயுமே பத்தாதுங்க. நம்ம மலையில தண்ணி இன்னும் குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சிரும். உள்ள நஞ்சாகியிருந்தாலும் வாசத்துல தெரியாது."

மனைவியின் தங்கை மேரி அதைப் படித்துப் போஞ்சி அடைத்து வைத்திருந்தாள். உடனே அக்கரப்பத்தனைக்கு, அவளுக்குப் போன் செய்தேன்.

"நல்லாத்தானே இருக்கு அத்தான். நீங்க எழுதுனபடிதானே செஞ்சேன்?"

"ஒண்ணையும் திறக்காத. வீசிரு."

"அஞ்சை வீசுறேன். ஆறாவதைக் காலையில கினிகத்தேனைக்கு, அண்ணன் வீட்டுக்குக் குடுத்துவிட்டேனே."

திருத்தம் எழுதிவிட்டேன், ஞாயிறுதான் அச்சாகும். கினிகத்தேனை வீட்டுக்கு நான்கு முறை அழைத்தும் யாரும் போனை எடுக்கவில்லை. இராச்சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.